13 அடி வீடு

எங்கள் டிரெய்லரின் மொத்த நீளம் 13 அடி. காரோடு கோக்கிற முன்பக்க இரும்புச் சட்டத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உள்ளே மிஞ்சுவது பத்தடி. அகலம் ஏழடிகூட இல்லை. இதற்குள் நாலு பேர் படுக்க இடம், இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு குட்டித் தொட்டி, இடுப்பளவு ஃபிரிட்ஜ், துணி வைக்க ஓர் அலமாரி. கழிப்பறை கிடையாது. அந்த விவகாரம் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இதன் பெயர் ஸ்காம்ப். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் ஊரான மினியாபொலிஸிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் போனால் பேக்கஸ் என்று ஒரு சின்ன ஊர் வரும். 1970களிலிருந்து அங்கேதான் இதைச் செய்கிறார்கள். மூல யோசனை கனடாவில் பிறந்தது. வின்னிபெக்கைச் சேர்ந்த ரே ஓலெக்கோ என்பவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்து பார்த்தவர். அதே பொருளில் டிரெய்லரும் செய்யலாமே என்று 1968இல் ‘போலர்’ என்ற குட்டி டிரெய்லரைக் கொண்டுவந்தார். ஸ்காம்பும் அந்த வம்சம்தான். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வார்த்து நடுவில் சேர்த்த கூடு. ஜன்னல், கூரைத் துவாரம், ரிவெட் இவற்றைக் கவனித்துக்கொண்டால் மழைநீர் இறங்க வேறு வழி இல்லை. இருபது, முப்பது வருடம் பழையது கூட நல்ல விலைக்குப் போகிறது. எங்களுடையதும் பழசுதான். வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை ‘முட்டை’ என்றே சொல்கிறார்கள்.

பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்காத நண்பர் இல்லை. பெரிய டிரெய்லர் என்றால் அதை இழுக்கப் பெரிய பிக்கப் லாரி வேண்டும். அந்த லாரியை வருடம் முழுக்க ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்ட வேண்டும். எங்களிடம் இருப்பது சியன்னா மினிவேன். அது 3,500 பவுண்டு வரை இழுக்கும். ஸ்காம்போ சாமான் ஏற்றாமல் 1,200 முதல் 1,500 பவுண்டு. தண்ணீர், அரிசி, பருப்பு, பாத்திரம், சைக்கிள் எல்லாம் ஏற்றினாலும் வண்டிக்கு மூச்சு வாங்காது. பெட்ரோல் மட்டும் நன்றாகவே குடிக்கும்.

போன கோடையில் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். வாசலில் நின்ற டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதுக்குள்ளயா நாலு பேரு படுக்கணும்?” என்றாள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். பின்பக்கம் சாப்பாட்டு மேசை; அதைக் கழற்றி இறக்கி, மேலே மெத்தைகளை நிரவினால் இருவர் படுக்கலாம். முன்பக்க சோபாவின் முதுகைத் தூக்கி மாட்டினால் மேலும் கீழுமாக இரண்டு பெர்த். மேல் பெர்த் மகளுக்கு, கீழே கணவருக்கு, பின்னால் அம்மாவும் நானும். ஒருவர் புரண்டால் எல்லாருக்கும் தெரியும். “ரயிலுக்கு இது தேவல” என்று அம்மா சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

சாமான் ஏற்றும்போதுதான் அம்மா யார் என்று தெரிந்தது. டிரெய்லரில் பாரத்தை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற கொக்கியான ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கிவிடும். கணவர் இதைப் பவுண்டுக் கணக்கில் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “முன்பாரம் பின்பாரம் பாக்கதுதான? இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்றாள். தாத்தா நெல்மூட்டை அடுக்கிய மாட்டு வண்டிக்கும் இதே கணக்குத்தானாம். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். முன்பாரமானால் எல்லாம் மாட்டின் கழுத்தில் இறங்கும். அப்புறம் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேன்களும் எங்கே போக வேண்டும் என்று அம்மாதான் சொன்னாள். அச்சுக்குச் சற்று முன்னால். பக்கத்து மாநிலமான தென் டகோட்டா வரை டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் செய்கிற வேலை ஒன்று எனக்குப் பிடிக்கும். காரைப் பின்னால் எடுத்து ஹிட்ச்சின் குண்டை டிரெய்லரின் வாய்க்கு நேர் கீழே நிறுத்த வேண்டும். பிறகு ஜாக்கியைச் சுற்றி இறக்கினால் ‘டக்’கென்று உட்காரும். தாழ்ப்பாள், அதற்கு ஒரு பின். இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். ஒருவேளை டிரெய்லர் கழன்றால் மூக்குத் தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். விளக்குக்கான வயரைச் செருகி, மகளைப் பின்னால் நிறுத்தி, “பிரேக் எரியுதா? இண்டிகேட்டர்?” என்று கத்த வேண்டும். இதை நான்தான் செய்வேன். கணவருக்கு அனுமதி இல்லை.

தொண்ணூறாம் நெடுஞ்சாலையில் தென் டகோட்டாவுக்குள் 80 மைல் வேகம் போகலாம். நாங்கள் போவது அறுபது, அறுபத்தைந்து. டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் அந்த வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. லாரிகள் முந்தும்போது காற்று ஒரு தள்ளுத் தள்ளும். சேம்பர்லின் பக்கம் மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் சோளக்காடுகள் குறைந்து புல்வெளி ஆரம்பிக்கிறது. அங்கிருந்து வழி நெடுக ‘வால் டிரக்’ என்ற கடையின் விளம்பரப் பலகைகள்தான். 1931இல் ஒருவர் வாங்கிய சின்ன மருந்துக் கடை, வியாபாரமே இல்லாமல் கிடந்ததாம். 1936இல் அவர் மனைவி ‘ஐஸ் தண்ணீர் இலவசம்’ என்று சாலையில் பலகை வைக்கச் சொன்னார். இன்று அது ஒரு பேட்டையே ஆகிவிட்டது. தண்ணீர் இன்னும் இலவசம். மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எங்கள் இலக்கு பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் சேஜ் கிரீக். மண் சாலையில் பல மைல் குலுங்கிப் போனால் மேடுகளுக்கு நடுவே ஒரு புல்வெளி. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. தள்ளித் தள்ளிக் குழிக் கழிப்பறைகள். 18 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியும் இல்லை. பஸ் அளவு மோட்டார் வீடுகளில் வருகிறவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். எங்கள் முட்டை தாராளமாக உள்ளே போனது. இந்த ஒரு இடத்துக்காகவே சின்ன டிரெய்லர் வாங்கலாம் என்பது என் கட்சி.

பூங்காவில் விறகுத் தீ மூட்டக் கூடாது. காய்ந்த புல், ஒரு பொறி போதும். கேஸ் அடுப்புக்குத் தடை இல்லை. தாளிப்பதை மட்டும் நாங்கள் எப்போதும் வெளியே மடக்கு மேசையில் வைத்துக்கொள்கிறோம். பத்தடி அறைக்குள் மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டால் புகை அலாரம் அலறும், மெத்தையில் ஏறிய பெருங்காய வாசனை அடுத்த பயணம் வரை கூடவே வரும். அன்று இரவு மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். குக்கர் மூன்று விசில் அடித்ததும் பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு டம்ளர் ரசம் போனது. நெப்ராஸ்காவில் விவசாயம் செய்கிறவராம். ரசத்தைக் குடித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை, பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார். இந்தப் பக்கம் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஓட்டலை நம்பிப் போனால் உருளைக்கிழங்கு ஃபிரைஸும் சீஸ் சாண்ட்விச்சும்தான் கதி. சொந்த அடுப்பு இருக்கிற நிம்மதி அம்மா முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். கழிப்பறைக்குப் போக வேண்டும். ஜன்னல் திரையை விலக்கினால் புல்வெளியில் பைசன்கள், அமெரிக்கக் காட்டெருமைகள். கூட்டமாக இல்லை, ஏழெட்டு. அதில் ஒன்று எங்கள் டிரெய்லருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நின்று நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. பொலிபைசன் 900 கிலோ வரை வளரும், மணிக்கு 35 மைல் ஓடும். குறைந்தது நூறு கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. நாங்கள் தள்ளித்தான் நின்றோம், அதுதான் பக்கத்தில் வந்திருந்தது. பழுப்பு ரோமம் குளிர்காலத்து மிச்சமாகத் தோளிலிருந்து கந்தல் கந்தலாகத் தொங்கியது. மூச்சுவிடும் சத்தமும் புல்லைப் பிடுங்கும் சத்தமும் ஃபைபர்கிளாஸ் சுவரைத் தாண்டி உள்ளே கேட்டன. மகள் மேல் பெர்த்திலிருந்து தலையை நீட்டி, “ஆச்சி, எருமை!” என்றாள். ஆச்சிக்கு எருமையை ரசிக்கிற நிலைமை இல்லை. “இது எப்பட்டி போவும்?” என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் நான் டீ போட்டேன். அம்மா குடிக்க மறுத்துவிட்டாள், காரணம் சொல்லத் தேவையில்லை. கடைசியில் அது நகர்ந்தது, அம்மாவும் நகர்ந்தாள்.

இந்தப் புல்வெளிகளில் வேட்டையால் பைசன்கள் துடைத்தெடுக்கப்பட்டு, 1963இல்தான் பேட்லேண்ட்ஸுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. இதையெல்லாம் பிறகு நான் அம்மாவுக்கு விளக்கியபோது, “அதுக்கென்ன, நல்லா இருக்கட்டும். தள்ளி இருக்கட்டும்” என்றாள்.

ஆகஸ்டில் வேறு திசை. டுலூத்திலிருந்து 61ஆம் சாலையில் சுப்பீரியர் ஏரிக் கரையோரமாக, கூஸ்பெரி அருவிப் பூங்காவுக்கு. இங்கே விறகுத் தீ மூட்டலாம், ஆனால் விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ‘ஆஷ்’ என்ற வகை மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு ஒன்று விறகில் ஒளிந்தே ஊர் ஊராகப் பரவுகிறது. அங்கேயே சான்றிதழ் உள்ள கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு வெறும் காரில் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். வீட்டையே ஓட்டிக்கொண்டு திரிகிற மோட்டார் வீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. 1905 நவம்பர் புயலில் கப்பல்கள் பல சிதைந்ததால் பாறை உச்சியில் கட்டி 1910இல் ஏற்றிய விளக்கு அது. 1969இல் பணி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1975 நவம்பர் 10 அன்று 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கப்பலின் நினைவாக ஒவ்வொரு வருடமும் அதே நாளில் ஏற்றுகிறார்கள்.

கீழே கரையில் அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அக்கரை தெரியவில்லை, அலை அடிக்கிறது, கப்பல் போகிறது, ஆனால் உப்பு இல்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை அள்ளிப் பார்த்தாள். இந்த ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல். “தாமிரவருணிக்கு இதுல கொஞ்சம் குடுத்தா என்ன?” என்றாள்.

குட்டி டிரெய்லரில் ஒரு தொல்லை உண்டு, வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரிவர்ஸ் எடுப்பது. நீளமானதைவிடக் குட்டைதான் கஷ்டம். ஸ்டியரிங்கை இம்மி திருப்பினாலும் பின்னால் வெடுக்கென்று மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது பழைய உபாயம், நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியும் வரவில்லையென்றால் கழற்றிவிட்டு இரண்டு பேர் கையால் தள்ளி நிறுத்திவிடலாம். தரை மட்டமாக இருந்தால் நிஜமாகவே முடியும். முப்பது அடி டிரெய்லர்காரர் ஒருவர் நாங்கள் தள்ளுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினார்.

அக்டோபர் வந்தால் குழாய்களில் இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு, ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை உள்ளே ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மினசோட்டா குளிரில் குழாய் வெடித்துவிடும். எலி நுழைகிற ஓட்டைகளில் இரும்பு நாரை அடைத்துவிட்டால் வருடக் கணக்கு முடிந்தது. மாநிலப் பூங்காக்களில் 120 நாள் முன்னதாக இடம் பிடிக்கலாம் என்பதால், மே மாத வாரக்கடைசிக்கு ஜனவரிப் பனியில் உட்கார்ந்து பதிவு செய்கிறோம்.

அந்தப் பைசன் காலையிலிருந்து கணவர் ஒரே பிடியாக நிற்கிறார். ஸ்காம்பிலேயே 16 அடி வருகிறதாம், உள்ளேயே கழிப்பறையோடு. 18 அடிக்குள்தானே இருக்கிறது, சேஜ் கிரீக்குக்கும் விடுவார்கள் என்கிறார். அம்மாவும் ஊரிலிருந்து போனில் மாப்பிள்ளை கட்சிக்கே ஓட்டுப் போடுகிறாள். உள்ளே கழிப்பறை வந்தால் அடியில் ஒரு கழிவுத் தொட்டியும் வரும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் டம்ப் ஸ்டேஷனில் குழாயை மாட்டி யாராவது அதைக் காலி செய்ய வேண்டும். அது யார் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேரிடமிருந்தும் பதில் வரவில்லை.