நெட்டூனோவில் மரிய கொரற்றியின் பேழை முன்னால்

ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினியில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கடலோர ஊரான நெட்டூனோதான் கடைசி நிறுத்தம். கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. சிறுவயதிலேயே கொல்லப்பட்ட இத்தாலியச் சிறுமி புனித மரிய கொரற்றியின் பேழை அதன் நிலவறையில். கண்ணாடிக்குள் படுத்திருப்பது அவருடைய உடல் என்று நினைத்தே பலர் உருகுகிறார்கள். அது மெழுகுச் சிலை, எலும்புகள் அதற்குள் இருக்கின்றன.

மறைக்கல்வி வகுப்பில் அவரைக் கற்புக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பெரியது வேறு. 1902 ஜூலை 5 அன்று, ஒரே வீட்டில் குடியிருந்த அலெசாண்ட்ரோ செரனெல்லி, தனக்கு இணங்க மறுத்த அந்த 11 வயதுப் பிள்ளையை 14 முறை குத்தினான். மறுநாள் இதே நெட்டூனோவில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அதற்கு முன், அவனை மன்னிப்பதாகவும் அவனும் தன்னோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்றும் மரியா சொன்னாள்.

கூட வந்த அக்கா, முழந்தாளில் இருந்தபடியே என் பக்கம் சாய்ந்தார். "மன்னிச்சாச்சுன்னா அப்புறம் எதுக்குத் தம்பி ஜெயிலு?"

சரியான கேள்விதான். நீதிமன்றம் 30 ஆண்டு கொடுத்தது. 21 வயது நிரம்பாததால் ஆயுள் தண்டனை இல்லை. 27 ஆண்டு உள்ளே இருந்தான். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும் மன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் விளைத்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடாது என்பது திருச்சபையின் போதனை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும். கொலை செய்தவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்?

சிறையில் முதலில் அவன் இறுகித்தான் கிடந்தான். மரியா கனவில் வந்து லீலி மலர்களைக் கொடுத்த பிறகுதான் இளகினான். விடுதலையானபின் மரியாவின் தாய் அசுந்தாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். மகளும் கடவுளும் மன்னித்தவனை நான் எப்படி மன்னிக்காமலிருப்பேன் என்றார் அந்த அம்மா. கிறிஸ்துமஸ் பூசையில் இருவரும் சேர்ந்தே நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கப்புச்சின் சபைத் துறவிகளின் மடத்தில் தோட்டவேலை செய்துகொண்டே வாழ்ந்து 1970-இல் இறந்தார் அலெசாண்ட்ரோ.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஸ்டேஷன்வரை வாயே திறக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் சொன்னார்: "எங்கூடப் பொறந்தவனை நான் மன்னிச்சுடுறேன் தம்பி. ஆனா அந்த நிலத்தை அவன் எழுதிக் கொடுத்துத்தான் ஆகணும்."