அமெரிக்க லைசன்ஸோடு ஐரோப்பாவுக்கு வரும் கால்பந்து கோச்சுகளுக்கு: ஜெர்மனியில் சி, பி எழுதிய அனுபவம்

"அண்ணா, யு.எஸ். சாக்கரோட (அமெரிக்கக் கால்பந்துச் சங்கம்) பி கோச் லைசன்ஸ் முடிச்சிட்டேன், ஐரோப்பாவில் ஏதாவது கிளப்பில் சேர முடியுமா?" எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான். சேரலாம். ஆனால் அந்த லைசன்ஸ் உங்களுக்காகக் கதவைத் திறக்காது. நானும் நியூ ஜெர்சியில் வளர்ந்து, அங்கே சின்னப் பசங்க அணிகளுக்குக் கோச்சாக இருந்துவிட்டு, மேல்படிப்புக்காக ஜெர்மனி வந்தவன். இங்கே சி, பி இரண்டையும் முதலிலிருந்து எழுதினேன்.

ஐரோப்பாவில் நாடு எதுவானாலும் படிகள் ஒன்றுதான்: சி, பி, ஏ, அதற்கு மேல் ப்ரோ. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா வைத்திருக்கும் குறைந்தபட்சப் பாட நேரம் சி-க்கு 60 மணி, பி-க்கு 120, ஏ-க்கு 180, ப்ரோவுக்கு 360. வாங்கிய லைசன்ஸ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க 15 மணி நேர வகுப்பு உண்டு. அமெரிக்க லைசன்ஸ் தானாக இந்த ஏணியில் உட்காராது. எந்தப் படியில் சேர்ப்பது என்பதை அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் ஆளைப் பார்த்து முடிவு செய்யும். அதனால் ஐரோப்பாதான் குறி என்று தீர்மானித்துவிட்டால், அமெரிக்காவில் ஏ லைசன்ஸுக்குப் பணம் கொட்டாதீர்கள். அந்தப் பணத்தில் மொழி படியுங்கள்.

விசா விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் ஜெர்மனிக்கு விசா இல்லாமல் வந்து, 90 நாளுக்குள் இங்கேயே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 'கோச் வேலை' என்று சொல்லி அனுமதி வாங்க, சட்டம் கேட்கும் சம்பள வரம்பைத் தொட வேண்டும், சங்கமும் தகுதியை உறுதி செய்ய வேண்டும். சின்ன கிளப் எதுவும் அந்தச் சம்பளம் தராது. என்னைப் போல மாணவனாக வந்து, மாலையில் மைதானத்துக்குப் போவதுதான் நடைமுறையில் சாத்தியமான வழி.

ஜெர்மனியில் சி, பி வகுப்புகளை மாநிலச் சங்கங்கள் நடத்துகின்றன. ஏ, ப்ரோ இரண்டும் தேசியச் சங்கத்தின் கையில். சி-யில் சேர ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் வேண்டும், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் வேண்டும். இந்தக் கடைசிச் சான்று வரக் கொஞ்சம் நாளாகும், அதற்கு முதலில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, படித்தால் வந்துவிடும். ஒன்று மட்டும்: 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பசங்களுக்குப் புது ஆட்ட முறை கட்டாயம். நாலு சின்ன கோல், மூன்றுக்கு மூன்று ஆட்டம், புள்ளிப் பட்டியல் கிடையாது. ஏன் அப்படி மாற்றினார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது லேர்ப்ரோபேவில், அதாவது மைதானத்தில் நடக்கும் செய்முறைத் தேர்வில். தேர்வாளர் ஒரு தலைப்பு தருவார், கூடப் படிப்பவர்களே ஆட்டக்காரர்கள், நீங்கள் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது, எதிரணி நெருக்கும்போது பின்னாலிருந்து பந்தை எடுத்து வருவது. கூம்பு வைப்பது, அளவு பார்ப்பது எல்லாம் எல்லோரும் செய்துவிடுவார்கள். தேர்வாளர் பார்ப்பது நீங்கள் எப்போது 'ஸ்டாப்' சொல்கிறீர்கள் என்பதைத்தான். நடு ஆட்டக்காரர் தோளுக்குப் பின்னால் பார்க்காமலே பந்தை வாங்கினார், பின்னால் ஆள் வந்துவிட்டது. அந்த நொடியில் நிறுத்தி, எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, "ஷுல்ட்டர்ப்ளிக்! (தோளுக்குப் பின்னால் பார்!) உடம்பைத் திறந்து வாங்கு" என்று சொல்லி, அதையே ஒருமுறை செய்யவைத்து, உடனே ஆட்டத்தை விட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நொடி. அமெரிக்காவில் பழகிய கோச்சுகள் இங்கே பிரசங்கம் பண்ணுவார்கள், நடுநடுவே எல்லோரையும் பாராட்டுவார்கள். பந்து உருளாத நேரம் கூடக்கூட மதிப்பெண் குறையும்.

இதற்கு வேண்டியது இலக்கண ஜெர்மன் அல்ல, மைதான ஜெர்மன். அதைக் கற்க உள்ளூர் கிளப்பில் பத்து வயதுப் பசங்க அணியை ஏற்பதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் உச்சரிப்பை அவர்கள் தாட்சண்யமே இல்லாமல் திருத்துவார்கள்.

பெரிய பெயர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். நியூ ஜெர்சிக்காரரான பெல்லெக்ரினோ மட்டராட்சோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, ஜெர்மனியின் கீழ்மட்ட லீகுகளில் ஆடி, நியூரன்பெர்க்கில் இளையோர் அணிகளைப் பார்த்துக்கொண்டவர். ப்ரோ வகுப்பில் அவருடைய அறைத்தோழர், பின்னாளில் ஜெர்மனி தேசிய அணிக்கே கோச்சான யூலியான் நாகல்ஸ்மன். 2019 கடைசியில் ஸ்டுட்கார்ட் கிளப்பின் தலைமைக் கோச் வேலை கிடைத்தது, 2020-இல் அணியை ஜெர்மனியின் முதல்மட்ட லீகான புண்டஸ்லிகாவுக்கு ஏற்றினார். கலிஃபோர்னியாக்காரர் ஜோ எனாக்ஸ் ஒஸ்னாப்ரூக் கிளப்பில் பல ஆண்டு ஆடி, அங்கேயே கோச்சாகி, 2024-இல் ரேகன்ஸ்பூர்க்கை இரண்டாம் புண்டஸ்லிகாவுக்குக் கொண்டுபோனார். இன்னொரு அமெரிக்கக் கோச் ஜெஸ்ஸி மார்ஷ் ப்ரோவை ஸ்காட்லாந்துச் சங்கத்தில் படித்தார். 2019-இல் லிவர்பூலுக்கு எதிரே அவருடைய ஆஸ்திரிய அணி சால்ஸ்பர்க் இடைவேளையில் 3-1 பின்தங்கியபோது, ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து அவர் பொரிந்த வீடியோவைப் பாருங்கள். இலக்கணத்தை யாரும் கவனிக்கவில்லை. அணி 3-3 வரை வந்தது, கடைசியில் 4-3 தோல்வி என்பது வேறு விஷயம்.

பாப் பிராட்லியோ 2016-இல் வேல்ஸ் கிளப்பான ஸ்வான்ஸியோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கால்வைத்த முதல் அமெரிக்க மேலாளர். ஆங்கிலம் பேசும் ஊரிலேயே அவருடைய அமெரிக்கச் சொற்களைக் கிண்டலடித்தார்கள். 11 ஆட்டம், 2 வெற்றி, வேலை போயிற்று. தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்ததுதான் உண்மைக் காரணம் என்பது என் கணிப்பு. ஆனாலும் நார்வேயிலும் பிரான்ஸிலும் நன்றாக வேலை செய்தவருக்கு அங்கே யாரும் பொறுமை காட்டவில்லை. இங்கிலாந்துதான் எளிது என்று நினைப்பவர்கள், அங்கே வேலை அனுமதிக்குக் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஜெர்மன் கிளப்புகள் அடுத்த பருவத்துக்கு இளையோர் கோச்சுகளை வசந்த காலத்திலேயே தேட ஆரம்பித்துவிடும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் எழுதுங்கள். தலைமைக் கோச் வேலை கேட்காதீர்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அணிக்கு உதவியாளராக வருகிறேன் என்று கேளுங்கள். மின்னஞ்சலை ஜெர்மனில் நாலே வரியில் முடித்து, அடியில் போன் நம்பர் போடுங்கள். அந்த போன் வந்தால் ஜெர்மனில் பேசத்தான் வேண்டியிருக்கும்.