சாம்பல் பூத்த பச்சை

தாய்லாந்தின் சியாங் மாயில் குடியேறிய முதல் வெள்ளிக்கிழமை, ஊதுபத்தியை வாழைப்பழத்தில்தான் குத்தி வைத்தேன். மானாமதுரையில் அம்மா செய்வது அப்படித்தான். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் காலை ஒரு சட்டியோடு வந்தார்: உள்ளங்கையில் உட்காரும் அளவு, மூன்று குட்டைக் கால்கள், மாவடுவின் பச்சை, பாதிவரை மணல். “கிரத்தாங் தூப்” என்றார். கிரத்தாங் என்றால் சட்டி. தூப், நம் தூபமேதான். ஒரு வாரமாக யார் பேசினாலும் விழித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆறுதல்.

ஆனால் சட்டி முழுக்கச் சிலந்தி வலைபோல் கீறல். விரிசல் விட்டதையா கொடுத்தார் என்று மனசுக்குள் சின்ன வருத்தம். அவரை ‘பா’ என்று கூப்பிடப் பழகி (பெரியம்மாவுக்கு அங்கே அதுதான் சொல்), அரைகுறையாகப் பேச வந்த பிறகு கேட்டேன். பதில் சொல்லாமல் சான் கம்பேங் பக்கம் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே நுழைந்ததுமே பிசைந்த மண்ணின் வாசனை. எங்கள் ஊரில் கடம் செய்யும் வேளார் வீட்டு வாசனை அது, கண் கலங்கிவிட்டது. வயதான ஒரு பெண், பாதி காய்ந்த சட்டிக்குச் சேற்றைத் தடவிக் கால் ஒட்டினார். பிறகு கூர்முனையால் தாமரை இதழ் செதுக்கத் தொடங்கினார். ஈரம் மிஞ்சினால் இதழ் பிசிறடிக்கும், காய்ந்துவிட்டால் உதிரும். இடைப்பட்ட பதம் கொஞ்ச நேரந்தான் நிற்கும். அவர் நிமிரவே இல்லை.

முதல் சூட்டில் சட்டி இறுகும். அதன்பின் முக்கியெடுக்கும் பூச்சில்தான் விஷயம் இருக்கிறது: மரச்சாம்பலும் வயலின் மேல்மண்ணும். ரொக் ஃபா மரத்தின் சாம்பல் என்றார்கள். என்ன மரம் என்று தேடினால், நம் கருமருது! இரண்டாம் சூடு 1,250 டிகிரியைத் தாண்டும். அப்போது சூளைக்குள் காற்றைக் குறைக்கிறார்கள். மூச்சுமுட்டும் அந்த நெருப்பில்தான் பூச்சிலுள்ள துளி இரும்பு பச்சையாகிறது. காற்று கூடினால் பழுப்பு மஞ்சளாகிவிடும். ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகம் சுருங்கும், அதில்தான் கீறல் விழுகிறது. அன்று திறந்திருந்த சூளையருகே பா என்னை நிறுத்தினார். ஆறிக்கொண்டிருந்த சட்டிகள் ஒவ்வொன்றாக ‘டிங்’, ‘டிங்’ என்றன. என் கேள்விக்குப் பதில் அதுதான்.

பழைய சான் கம்பேங் சூளைகள் 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவை அணைந்து வெகுகாலம் கழித்து, பர்மாவின் ஷான் பகுதியிலிருந்து வந்த குயவர்கள் சியாங் மாயில் இந்தப் பச்சையை மறுபடி சுடத் தொடங்கினார்கள். அவர்களும் ஊர்விட்டு வந்தவர்கள்தாம். அதைக் கேட்டதிலிருந்து சட்டியைத் துடைக்கும் போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது.

மார்ச்சில் காடும் வயலும் எரிந்த புகை ஊரையே மூடும். ஜன்னலை அடைத்துவிட்டு, பத்தி ஏற்றாமல் இருப்போம். அப்பாவின் திதிக்கு மட்டும் ஏற்றினேன். மூன்று பத்தி எடுத்ததைப் பார்த்த பா, யாருக்கென்று கேட்டார். சொன்னேன். புத்தருக்குத்தான் மூன்று, இறந்தவருக்கு ஒன்று என்று சொல்லி, இரண்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

மணல் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் விளிம்புவரை வந்துவிட்டது. கொட்டிவிடட்டுமா என்றால் பா கையை அசைக்கிறார்: “மை தொங்.” வேண்டாம்.