கட்டிலுக்கடியில் மூன்று பெட்டி

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். நாவல் எழுதி முடித்துவிட்டானாம், 400 பக்கம். "அண்ணே, பதிப்பகத்துக்கு அனுப்பிட்டுக் காத்துக் கெடக்கவா, இல்ல பிஓடி-யில போட்டுறவா?" என்று கேட்டான். அரைமணி நேரம் பேசினேன், ஆனாலும் உருப்படியாக எதையும் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். வழிக்கொரு புத்தகம் போட்டு இரண்டிலும் சூடு பட்டவன் என்பது மட்டும்தான் என் தகுதி.

முதல் புத்தகம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிய கட்டுரைகள். ஒரு பதிப்பகம் போட்டது. 184 பக்கம், விலை 200 ரூபாய், முதலில் 300 பிரதி, எனக்கு ராயல்டி விலையில் பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 20 ரூபாய். இரண்டாவது சிறுகதைகள், 112 பக்கம், விலை 160. அதை பிஓடி-யில் நானே போட்டேன். பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) என்றால் வேறொன்றுமில்லை, பக்கம் வடிவமைத்த ஃபைல் அவர்களிடம் இருக்கும், யாராவது இணையத்தில் ஆர்டர் போட்டால் அந்த ஒரு பிரதியை மட்டும் டிஜிட்டல் மெஷினில் அடித்து, பைண்டு செய்து அனுப்பிவிடுவார்கள். ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மெஷினை ஓட்ட ஆரம்பிக்கிற செலவு ஒரு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், அதனால்தான் அங்கே மொத்தமாக அடித்தால் மட்டும் கட்டுப்படியாகும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதிலாக நூறாவது பிரதிக்கும் கிட்டத்தட்ட முதல் பிரதியின் விலைதான்.

கணக்கைச் சொல்கிறேன். கதைப் புத்தகத்துக்கு பிஓடி-யில் அச்சுச் செலவு பிரதிக்கு 88 ரூபாய். விற்கிற தளமும் நிறுவனமும் எடுத்தது போக என் கைக்கு வந்தது 22. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டிஜிட்டல் பிரஸ்ஸில் விசாரித்தபோது நூறு பிரதி அடித்தால் 70 ரூபாய்க்கு முடியும் என்றார்கள். ஆஃப்செட்டில் ஐந்நூறு அடித்தால் 45. பார்த்தீர்களா, 20-க்கும் 22-க்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. "பதிப்பகம் பத்து சதவீதம்தான் தரும், பிஓடி-யில் முழு லாபமும் உனக்கே" என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் புத்தகம் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு வித்தியாசம் காட்டியது இந்தக் கணக்கு இல்லை, கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிகள்.

கண்மாய்ப் புத்தகம் வந்தபோது ஆசிரியர் கழிவில் நூறு பிரதி நானே வாங்கினேன். மூன்று அட்டைப்பெட்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இடம் இல்லாமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வீடு கூட்டும்போதெல்லாம் என் மனைவி, "இதத் தூக்கி எங்கிட்டாச்சும் வைங்களேன்" என்பாள். எங்கிட்டு வைப்பது? இந்த எரிச்சலுக்குப் பயந்தே நான் கிளம்பினேன். ஸ்கூட்டரில் பத்துப் பிரதி எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போனேன், பணி ஓய்வு விழாக்களில் பரிசாகக் கொடுக்க வைத்தேன், ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு நாற்பது பிரதி போனது. ஒரு காதணி விழாவில் மொய்க்குப் பதிலாகப் புத்தகம் வைக்கலாமா என்று கூட யோசித்து, மொய் நோட்டில் அதை எந்தக் கணக்கில் ஏற்றுவார்கள் என்ற குழப்பத்தில் விட்டுவிட்டேன். பதினான்கு மாதத்தில் பெட்டிகள் காலி.

பிஓடி புத்தகத்துக்குப் பெட்டியே இல்லை. கூட்டும்போது இடிக்காது, கரையான் வராது, மழையில் நனையாது. ஆகா, விடுதலை என்றுதான் நினைத்தேன். முகநூலில் இணைப்பைப் போட்டேன், 140 பேர் விருப்பம் தெரிவித்தார்கள். இரண்டு வருடத்தில் விற்றது 31 பிரதி. அதில் 19 சொந்தக்காரர்கள். ஃபைலுக்கு எடை இல்லை, அதனால் அதைச் சுமந்துகொண்டு நான் எங்கேயும் போகவும் இல்லை. இதில் பிஓடி மேல் ஒரு குற்றமும் கிடையாது. என்னைப் போன்ற சோம்பேறிக்கு அந்தப் பெட்டிதான் விற்பனைப் பிரதிநிதி.

அடுத்தது நூலகம். பதிப்பகத்தை இன்றைக்கும் நான் முழுசாகக் கைவிடாததற்கு இதுதான் காரணம். கண்மாய்ப் புத்தகத்துக்கு நூலக ஆணை, அதாவது அரசு பொது நூலகங்களுக்கு வாங்குகிற ஆர்டர், கிடைத்தது. அதற்கு அப்போது ஃபாரம் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டார்கள். பதிப்பகம் தனியாக அச்சிட்டு அனுப்பியது, அதற்கான ராயல்டிக் கணக்குச் சீட்டு எனக்கு வரவில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒருநாள் ஒரு கிளை நூலகத்தில் வேறு எதற்கோ போனவன், என் புத்தகத்தை அலமாரியில் பார்த்தேன். கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் ஏழு முத்திரை. 63-ம் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு சொல்லை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது மடை இல்லை, கலுங்கு."

அவர் சொன்னது சரி. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது மடை, கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற இடம் கலுங்கு. நான் எழுதியது கலுங்கைப் பற்றி, அச்சானது மடை. கண்மாயைப் பற்றிப் புத்தகம் எழுதியவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று ஊர்க்காரர்களுக்குப் புரியும். அந்த ஆள் யார் என்று தெரியாது, என் சொந்தக்காரர் இல்லை, முகநூல் நண்பரும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையில் பென்சிலோடு என் புத்தகத்தை வாசித்திருக்கிறார். என் பிஓடி புத்தகத்துக்கு அப்படி ஒருவர் கூடக் கிடைக்கவில்லை.

அதே நேரம், அந்தத் தவறு அந்தப் பிரதிகளில் எல்லாம் அப்படியேதான் இருக்கும். பிஓடி-யாக இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே ஃபைலை மாற்றியிருப்பேன். மாற்றியும் இருக்கிறேன். கதைப் புத்தகத்தை ஐந்து தடவை திருத்தி ஏற்றினேன், விற்ற 31 பிரதியில் ஆறு விதமான பாடம் இருக்கிறது, பிற்காலத்தில் எவராவது பாடபேத ஆராய்ச்சி செய்யலாம்.

எடிட்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிப்பகத்தில் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தவர் முதல் அத்தியாயத்தையே தூக்கச் சொன்னார். "இது உங்க குடும்ப ஆல்பம், கண்மாய் 22-ம் பக்கத்துலதான் வருது" என்றார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அப்புறம் தூக்கினேன், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கதைப் புத்தகத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. காசு கட்டினால் எடிட்டிங் பேக்கேஜ் உண்டு என்றார்கள், கட்டினேன், வந்தது சந்திப்பிழைத் திருத்தம், அதிலும் இரண்டு இடத்தில் சரியாக இருந்த ஒற்றெழுத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். புத்தகம் கைக்கு வந்தபிறகு எண்ணிப் பார்த்தேன், என் கதாபாத்திரங்கள் ஒன்பது இடத்தில் பெருமூச்சு விடுகிறார்கள்.

தமிழ்ப் புத்தகத்தைப் பக்கம் வடிவமைப்பது தனிக் கலை, அதையும் தம்பி யோசிக்கட்டும். நம் சொற்கள் நீளம். இரண்டு ஓரமும் சமமாக நிற்கவேண்டும் என்று வைத்தால், சொல்லை வரி முனையில் உடைக்கத் தெரியாத மென்பொருள் நடுவில் சந்து சந்தாக இடம் விட்டுவிடும், பக்கம் பல் போன வாய் மாதிரி இருக்கும். பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அப்புறம் முதுகு, அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரிகிற பக்கம். 112 பக்கம் என்றால் 56 தாள், 70 ஜிஎஸ்எம் கனத் தாளில் முதுகு ஐந்தரை மில்லிமீட்டர்கூடத் தேறுமா என்பது சந்தேகம். அதில் தலைப்பை அச்சிட்டு, வெட்டும்போது ஒரு மில்லி நகர்ந்தால் போதும், பாதி எழுத்து முன்னட்டைக்கு வந்துவிடும். எனக்கு வந்த முதல் பிரதியில் அப்படித்தான் என் பெயரில் முதல் எழுத்து முன்னட்டையில் தனியாகத் தொங்கியது.

சட்டச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள நம்பருக்கு, யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். டெல்லியில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, தனிமனிதரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பிஓடி நிறுவனம் கொடுக்கிற நம்பரை வாங்கினால் பதிவில் பதிப்பாளர் அவர்கள்தான், நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினால் நம்பரும் மாறும். நீங்களே பதிப்பாளர் ஆகிவிட்டால் 1954-ம் வருடச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பகத்தோடு போவதாக இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். உரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் காப்புரிமைச் சட்டப்படி செல்லும், காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் ஐந்து வருடம் என்று கணக்கு. நம் ஊரில் பாதிப் பேர் டீக்கடையில் வாயால் பேசி முடிக்கிறார்கள், பிறகு அடித்துக்கொள்கிறார்கள்.

அமேசானைப் பற்றியும் தம்பி கேட்டான். அவர்களுடைய பதிப்புத் தளமான கேடிபி-யில் தமிழ் மின்நூல் தாராளமாகப் போடலாம், 2016-லிருந்து அந்த வசதி இருக்கிறது. காகிதப் புத்தகத்தை அந்த வழியில் இந்தியத் தளத்தில் விற்க முடியாது. அதற்கு இங்கே நோஷன் பிரஸ், போத்தி மாதிரி உள்ளூர் நிறுவனங்கள்தான். தபாலில் நாமே அனுப்பலாம் என்றால், ஏழை எழுத்தாளனுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 160 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கூரியர் செலவைச் சொன்னால் வாங்குகிறவர் போனை வைத்துவிடுகிறார்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதில் மட்டும் விழாதே என்று தம்பியிடம் சொன்னேன். பதிப்பகம் என்று பெயர்ப்பலகை இருக்கும், அச்சுச் செலவு முழுக்க உங்களுடையது, இல்லையென்றால் "இருநூறு பிரதி நீங்களே எடுத்துக்கணும்" என்பார்கள். பிஓடி-யில் நீங்கள்தான் முதலாளி என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே முதல் உங்களுடையது, முதலாளி வேறொருவர்.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் போன தடவை எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளரின் ஸ்டாலில் உட்கார்ந்திருந்தேன். தனி ஆளான எனக்கு ஸ்டால் இல்லை, அதனால் என் கதைப் புத்தகத்தில் பத்துப் பிரதியை அவர் மேசை ஓரத்தில் வைக்க இடம் கேட்டுப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், "ஆஃப்செட்டா? அதெல்லாம் நாலு பேருக்குத்தாண்ணே. மத்ததெல்லாம் நானே அம்பது அம்பதா டிஜிட்டல்லதான் அடிக்கிறேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பதிப்பகமா பிஓடி-யா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம், பதிப்பகமே பிஓடி-யில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் ஒன்றுதான். அவரிடம் எடிட்டர் இருக்கிறார், மேசை இருக்கிறது, நூலக ஆணைக்கு விண்ணப்பிக்கத் தெரிகிறது. என்னிடம் ஃபைல் மட்டும் இருக்கிறது. என் பத்துப் பிரதியில் ஆறு அந்த மேசையிலேயே விற்றது, அதுவும் பத்து சதவீதக் கழிவு போக. இணையத்தில் அந்த ஆறுக்கு எனக்கு ஐந்து மாதம் ஆகும்.

புத்தகம் வருமுன்பே வாசகரைப் பிடித்துவைப்பதும், எழுதியவரே பதிப்பாளர் ஆவதும் புதுசு இல்லை. 1887-ல் உ.வே.சா. சிந்தாமணியை அச்சிட்டபோது வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிற கையொப்பக்காரர்களை ஊர் ஊராகச் சேர்த்தார், இன்றைக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோம். மதுரையில் 1901-ல் பாண்டித்துரைத் தேவர் ஆரம்பித்த தமிழ்ச் சங்கம் சொந்தமாக அச்சுக்கூடமே வைத்திருந்தது. புதுமண்டபத்துக் கடைக்காரர்கள் தாங்களே பதிப்பித்து, தாங்களே தூணோரம் அடுக்கி விற்றார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? 400 பக்க நாவலை பிஓடி-யில் போட்டால் அச்சுச் செலவே 250 ரூபாய்க்கு மேல் போகும், விலை 450-ஆவது வைக்கவேண்டும், முதல் நாவலுக்கு அந்த விலையைக் கொடுக்கிறவர் உன் மாமனாராகத்தான் இருப்பார். அதனால் பதிப்பகத்துக்கு அனுப்பு, ஆறு மாதம் காத்திரு, அதற்குள் யாரையாவது படிக்கவைத்து நூறு பக்கத்தைக் குறை. குடும்ப வரலாறு, கோயில் தலபுராணம், மொத்தமே ஐம்பது பேர் வாசிக்கப்போகிற துறைப் புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிஓடி போ என்றேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எந்த நூறு பக்கம்ணே?" என்றான்.

என் மூன்றாவது புத்தகம் வைகைக் கரையைப் பற்றி. எடிட்டிங்குக்கு அந்தப் பழைய ஆளையே காசு கொடுத்துப் பிடித்திருக்கிறேன், பதிப்பகத்திலிருந்து அவர் விலகிவிட்டார். ஐஎஸ்பிஎன் என் பெயரில் வாங்கியாகிவிட்டது. நூறு பிரதி சிம்மக்கல்லில் அடிக்கிறேன், மூன்று பெட்டி. ஃபைலை பிஓடி-யிலும் ஏற்றிவைக்கிறேன், வெளியூர்க்காரர்களுக்கு. கட்டிலுக்கடியை இப்போதே காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன், மனைவி சந்தேகமாகப் பார்க்கிறாள். பிரஸ்காரர் நேற்று, "முதுகு எத்தன மில்லி வைக்கட்டும் சார்?" என்று கேட்டார். எடிட்டர் இன்னும் எந்த அத்தியாயத்தைத் தூக்கச் சொல்வார் என்று தெரியாமல் நான் எப்படிச் சொல்வது?