கார்தேலின் குரல் ஒருவழியாகச் சுருதியில் உட்கார்ந்தது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நேற்று இரவுதான் அர்ஜென்டினாவின் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தேலின் 1917 'மி நோச்சே திரிஸ்தே' அரக்குத் தட்டு (பழைய கிராமபோன் இசைத்தட்டு) சரியான வேகத்துக்கு வந்தது. டாங்கோ என்றால் ஆட்டம் என்றிருந்ததை, கதை சொல்லும் பாட்டாகத் திருப்பிவிட்ட பதிவு இது.

தட்டைக் கழுவியது, பழைய தட்டுகளுக்கான அகன்ற 3 மில் ஊசி, ஒற்றைத் தட ஒலி (மோனோ) எல்லாம் வழக்கம்போலத்தான். படுத்தியது வேகம். மைக் இல்லாமல் புனலுக்குள் பாடிப் பதிந்த காலத்தில் நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பேச்சுக்குத்தான். 78இல் விட்டால் கிதார் இரண்டு சுரத்துக்கு நடுவே தொங்கியது. வேகம் 6 சதவீதம் நகர்ந்தாலே அரைச்சுரம் தள்ளிப்போகும்.

ஹொசே ரிகார்தோவின் கிதார்தான் கைகொடுத்தது. விரல் வைக்காமல் மீட்டிய கம்பி நீண்டு ஒலித்து மெல்ல அடங்கும்; அழுத்திப் பிடித்த சுரம் சட்டென்று அணையும். விரல் வைக்காத கம்பியின் சுரம் இன்னதென்று முன்பே தெரியும் என்பதால், அப்படி இரண்டு இடங்களைப் பிடித்து, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துக்கொண்டே வேகத்தை மயிரிழையாக இறக்கினேன். கிதாரின் சுருதியையே இறக்கிக் கட்டியிருந்தால்? அதனால் 1930இல் கார்தேலே மைக் முன் இதே பாட்டை மறுபடி பாடியதையும் போட்டுக் கேட்டேன். 26 வயதுக் குரலும் 39 வயதுக் குரலும் ஒன்றல்ல, பின்னதில் கனம் கூடிவிட்டது. ஆனாலும் வேகம் தப்பினால் நெடில் 'ஆ' உடனே காட்டிக்கொடுக்கிறது.

அப்புறம், 'ன்' வரவேண்டிய இடத்தில் 'ர்' கேட்டால் தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் ஊசியை இரண்டு முறை மாற்றினேன். சில மெய்களுக்கு முன் அப்படி உச்சரிப்பது கார்தேலின் வழக்கம். பிரான்சின் துலூஸில் பிறந்து, 1893இல் தாயோடு புவெனஸ் அயர்ஸ் வந்து, அபாஸ்தோ சந்தைப் பக்கம் வளர்ந்த பிள்ளை. அந்த 'ர்' இப்போது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தட்டை அனுப்பிய வியாபாரி மீது கோபம் தீரவில்லை. பழுதே இல்லை என்றார். ஓரத்தில் அரை அங்குல விரிசல். உள்ளே ஒரு நெளி அட்டைகூட வைக்காமல் அரக்குத் தட்டை அனுப்புவது அநியாயம்.

அடுத்து, நியூயார்க்கில் 1934-35இல் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியவை. தெரிக் துச்சியின் இசைக்குழு, அல்ஃப்ரேதோ லெ பேராவின் வரிகள். 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயினில் நடந்த விமான விபத்தில் கார்தேலும் லெ பேராவும் சேர்ந்தே போனார்கள். அந்தக் கடைசிக் காலத்துத் தட்டுகளில் இரண்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

1917 தட்டின் மறுபக்கம் இன்னும் கழுவவில்லை. விரிசல் அங்கேதான் ஆழம். மென்பொருளிடம் விட்டால் கிளிக் சத்தத்தோடு கிதாரின் நக ஒலியையும் தின்றுவிடும். சுற்றுக்கு ஒன்றாக, கையால்தான் எடுக்க வேண்டும்.