ஜிஎஸ்டி தேதிக்கு நடுவுல ஒரு குரூப் 4

வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்களுக்கு டைம்டேபிள்னு யூடியூப்ல தேடுனா முதல்ல வர்றதே காலைல நாலரைக்கு எந்திரிங்க, ஆறரை வரைக்கும் ஃப்ரெஷ்ஷா படிங்கன்றதுதான். நாலரைக்கு நானும்தான் எந்திரிக்கிறேன். எந்திரிச்சு பருப்ப குக்கர்ல ஏத்தி, பொண்ணுக்கு ஒரு டப்பா, அவருக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா, அத்தைக்கு காரம் கம்மியா தனியா எடுத்து வெச்சு, நடுவுல தண்ணி லாரி வந்தா குடத்தோட ஓடி, இதெல்லாம் முடிச்சு ஸ்டேஷனுக்கு ஓடுனா மணி ஏழு. இதுல எங்க ஃப்ரெஷ்ஷா ரெண்டு மணி நேரம் வரும்னு அந்த டைம்டேபிள் போட்ட தம்பிகிட்டதான் கேக்கணும். அந்த தம்பிக்கு அவங்க அம்மா டப்பா கட்டி குடுத்திருப்பாங்க, அது தப்பு இல்ல, ஆனா அவரோட டைம்டேபிள் நமக்கு ஒத்து வராது, அவ்ளோதான் விஷயம்.

நான் இருக்கறது செங்கல்பட்டு. வேலை கிண்டி பக்கத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல, அக்கவுண்ட்ஸ். 2025 ஏப்ரல் 25 அன்னிக்கு டிஎன்பிஎஸ்சியோட குரூப் 4 (தமிழ்நாடு அரசு வேலைக்கான பரீட்சை) நோட்டிஃபிகேஷன் வந்தப்ப இந்த தடவை எழுதிரணும்னு முடிவு பண்ணேன். ஜூலை 12 பரீட்சை, கையில ரெண்டரை மாசம். கூட எழுதறவங்க லட்சக்கணக்குல, போஸ்டிங் 3,935. இதுல வேலை வாங்கியே தீருவேன்னு சபதம் எடுக்கறதுல அர்த்தம் இல்ல, ஏன்னா அது என் கையில இல்ல, மத்தவங்க எவ்ளோ மார்க் எடுக்கறாங்கன்றத பொறுத்துதான் ரேங்க். அதனால எனக்கு நானே வெச்சுக்கிட்டது ரெண்டே ரெண்டு நம்பர். தமிழ்ல நூத்துக்கு எண்பது, கணக்குல இருபத்தஞ்சுக்கு இருபது. இதுக்கு மேல வந்தா லாபம்.

ஏன் அந்த ரெண்டுன்னு கேட்டா, பேப்பரோட அமைப்பு அப்படி. மொத்தம் 200 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை மார்க், 300க்கு, மூணு மணி நேரம். தமிழ் மட்டும் 100 கேள்வி. அதுல 40 சதவீதம், அதாவது 60 மார்க் வாங்கலைன்னா மிச்ச பேப்பர திருத்தவே மாட்டாங்க. ஆப்டிடியூட், அதாவது நான் கணக்குன்னு சொல்றது, 25 கேள்வி. மீதி 75 பொது அறிவு, அதுல வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல், நடப்பு நிகழ்வுன்னு ஒரு கடலே இருக்கு. தமிழும் கணக்கும் சேர்ந்தா 125 கேள்வி, 187.5 மார்க், இதுக்கு எல்லை தெரியும், பத்தாவது வரைக்கும் உள்ள ஸ்கூல் புக்க பிடிச்சுக்கிட்டா பெரும்பகுதிய மடக்கிரலாம். பொது அறிவுல எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்தறதுன்னே தெரியாது. முழு நேரமா படிக்கிற பிள்ளைங்க அதுல இறங்கலாம். நமக்கு ஒரு நாளைக்கு கிடைக்கிறதே ஒரு மணி சொச்சம்.

இதை சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, "அப்ப அந்த 75ஐ அப்படியே விட்டுருவியா?" ஆமா, விட்டுருவேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சதும் பேப்பர் பாக்கறதும் குடுக்கறத அது குடுக்கட்டும். எதை செய்யணும்னு லிஸ்ட் போடறது யாருக்கும் கஷ்டம் இல்ல, எதை இப்ப தொடவே போறதில்லைன்னு வாய்விட்டு சொல்றதுக்குத்தான் மனசு வராது. நான் அந்த அரசியலமைப்பு கைடையும் நடப்பு நிகழ்வு புக்கையும் தூக்கி பீரோ மேல வெச்சிட்டேன். கண்ணுல பட்டா கை போகும்.

அடுத்து நேரம். எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு மாசம்னா அது ஒண்ணாம் தேதில இருந்து முப்பது வரைக்கும் ஒரே மாதிரி இருக்கற மாசம் இல்லைங்க. 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிச்சு வெச்ச வரி) கட்டணும். 11 ஜிஎஸ்டிஆர் 1, அதாவது விற்பனைக் கணக்கு ரிட்டர்ன். 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டிஆர் 3பி, வரிய கட்டி முடிக்கிற ரிட்டர்ன். ஒரு கிளையண்ட் சேல்ஸ் பில்ல வாட்ஸ்அப்ல சாய்வா போட்டோ எடுத்து பத்தாம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்புவாரு, "மேடம் நாளைக்கு லாஸ்ட் டேட்டாமே"ன்னு கூடவே ஒரு மெசேஜ். இதுல தினமும் ரெண்டு மணி நேரம்னு பொதுவா ஒரு இலக்கு வெச்சா ஏழாம் தேதியே அது செத்துப்போகும், அப்புறம் விட்டுப்போச்சேன்ற எரிச்சல்ல இருபதாம் தேதிக்கு அப்புறம் கிடைக்கிற நல்ல நாளும் போயிரும்.

அதனால காலண்டர்ல (டெய்லி ஷீட் காலண்டர் இல்ல, அந்த மாசக் காலண்டர், பால் கணக்கு எழுதறது) மூணு விதமா குறிச்சேன். 5ல இருந்து 11 வரைக்கும், அப்புறம் 17ல இருந்து 20 வரைக்கும் சிவப்பு. அன்னிக்கெல்லாம் ரயில்ல படிக்கிறது மட்டும்தான், வீட்ல புக்க தொறக்கவே வேணாம். 12ல இருந்து 16 நடுத்தரம், ரயிலோட ராத்திரி அரை மணி நேரம் கணக்கு. 21க்கு அப்புறம் மாசக் கடைசி வரைக்கும்தான் நம்ம ராஜ்யம், மாடல் டெஸ்ட், ரிவிஷன் எல்லாம் அந்த பத்து நாளுக்குள்ள. மோசமான நாள்ல எவ்ளோ முடியுமோ அதுதான் கணக்கு, நல்ல நாள்ல வர்றதெல்லாம் போனஸ். நிறைய பேர் இதை தலைகீழா போடறாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்லா தூங்கி எந்திரிச்சு உக்காந்து டைம்டேபிள் போட்டா அப்படித்தான் வரும்.

ரயில் விஷயத்த கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா என் தமிழ் மார்க் முழுக்க அங்கதான் வந்துது. செங்கல்பட்டுல கிளம்பற வண்டின்றதால காலைல லேடீஸ்ல உக்கார இடம் கிடைச்சிரும். பரனூர், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி கூடுவாஞ்சேரி வரைக்கும் நிம்மதியா படிக்கலாம், பெருங்களத்தூர் தாண்டுனா நெரிசல், தாம்பரத்துல மடியில யாராவது பை வெச்சிருவாங்க, அதோட புக்க மூடிரணும். சாயந்திரம் கிண்டில ஏறுனா நிக்கவே இடம் கிடையாது, அப்ப படிக்கணும்னு நான் நினைச்சதே இல்ல. சில நாள் இயர்போன்ல இலக்கணம் கேப்பேன், பல நாள் சும்மா ஜன்னல பாத்துக்கிட்டு வருவேன், அதுவும் வேணும்.

படிக்கறதுன்னா பாடத்த முதல் வரில இருந்து கடைசி வரை படிக்கறது இல்ல. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ் புக்ல ஒவ்வொரு செய்யுளுக்கும் பக்கத்துல "நூல்வெளி"ன்னு ஒரு கட்டம் இருக்கும். இந்த பாட்டு எந்த நூல், எழுதுனது யாரு, அவரு ஊரு எது, வேற என்னென்ன எழுதியிருக்காரு, எல்லாம் அந்த நாலஞ்சு வரிக்குள்ள. மேல "சொல்லும் பொருளும்". கொஞ்சம் தள்ளி இலக்கணக் குறிப்பு. இயல் முடியற இடத்துல "கலைச்சொல் அறிவோம்". நான் அந்த கட்டங்கள மட்டும் போன்ல போட்டோ எடுத்து வகுப்பு வாரியா போல்டர் போட்டுக்கிட்டேன், புக்க தூக்கிட்டு போற வேலையும் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு பாடம், காலைல பாத்தத மத்தியானம் டப்பா கழுவும்போது மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறது. எங்க பொண்ணு நாலாவது, அவ புக்லயும் பிரித்தெழுதுக, எதிர்ச்சொல் எல்லாம் வருது, அவளுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கறதே எனக்கு ரிவிஷன் ஆச்சு. "மா, நீ ஏன் என் புக்க என்ன விட நல்லா படிக்கிற"ன்னு கேட்டா ஒரு நாள்.

கணக்கு வேற ஜாதி. அதை ரயில்ல போட முடியாது, பேப்பர் பேனா வேணும். அக்கவுண்ட்ஸ்ல இருக்கறோம், சதவீதமும் வட்டியும் நமக்கு தண்ணி பட்ட பாடுன்னு நினைப்போம், ஆனா ஆபீஸ்ல கால்குலேட்டரும் எக்செல்லும் பண்ற வேலைய பரீட்சை ஹால்ல கை பண்ணணும். ஒரு உதாரணம், 5000 ரூபாய்க்கு 8 சதவீதம், 2 வருஷம், கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் என்னன்னு கேப்பாங்க. ரெண்டையும் தனித்தனியா போட்டு கழிச்சா ரெண்டு மூணு நிமிஷம் போயிரும். 2 வருஷத்துக்கு வித்தியாசம்னா முதல் வருஷ வட்டிக்கு வர்ற வட்டி மட்டும்தானே, முதல் வருஷ வட்டி 400, அதுக்கு 8 சதவீதம் 32, முடிஞ்சுது. இந்த மாதிரி ஏன் வருதுன்னு புரிஞ்சு வெச்சுக்கிட்டா ஃபார்முலா மறந்தாலும் கவலை இல்ல. ராத்திரி அரை மணி நேரத்துக்கு பத்து கணக்கு, ஒரே தலைப்புல. மீ.பொ.வ (மீப்பெரு பொது வகுத்தி), விகிதம், ஆளும் நாளும், பரப்பளவு, அப்புறம் இந்த பகடை, வரிசை மாதிரி ரீசனிங். கொள்ளளவுல கூம்பும் அரைக்கோளமும் ஒட்டி வர்ற கேள்விய நான் கடைசி வரைக்கும் தொடல, அதுவும் பீரோ மேலதான்.

மே மாசக் கடைசில ஒரு நல்ல செய்தி வந்துது. வழக்கமா ஜூலை 31ல முடியற ஐடிஆர் (இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்) தேதிய அந்த வருஷம் செப்டம்பர் 15க்கு தள்ளி வெச்சாங்க. ஊரே ஏதோ நிம்மதின்னு சொல்லிச்சு, எனக்கு மட்டும் ஒரு ஜூலை மாசத்தையே தூக்கி கையில குடுத்த மாதிரி இருந்துது. இந்த மாதிரி நேரத்துல புதுசா பொது அறிவையும் சேத்துக்கலாமான்னு ஆசை வரும் பாருங்க, அங்கதான் கவனமா இருக்கணும். கிடைச்ச நேரத்த பழைய கேள்வித்தாள் போடறதுக்குத்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைல இருந்து பன்னெண்டரை, பரீட்சை நேரம் எதுவோ அதே நேரம், ஓஎம்ஆர் ஷீட் ஜெராக்ஸ் எடுத்து கருப்பு பேனால வட்டம் ஷேட் பண்ணி. பதில் தெரியலைன்னா ஈ ஆப்ஷன ஷேட் பண்ணணும், காலியா விடக்கூடாது, அந்த பழக்கமும் இதுலதான் வரும். 200 வட்டம் ஷேட் பண்றதுக்கே எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வீட்ல உக்காந்து ஒரு தடவையாவது பாத்துருங்க.

அந்த மூணு மணி நேரத்துக்கு வீட்ல பேசி வெச்சுக்கணும், அதுதான் படிப்ப விட பெரிய வேலை. ஞாயித்துக்கிழமை கறி எடுக்கற நாள். நான் அத்தைகிட்ட நேராவே கேட்டேன், ஜூலை 12 வரைக்கும் ஞாயித்துக்கிழமை காலை சமையல் மட்டும் என்னால முடியாதுங்க அத்தைன்னு. அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "கறிய அவனே வாங்கிட்டு வந்து அவனே கழுவட்டும், நான் குழம்பு வெக்கிறேன், நீ போய் உன் பரீட்சைய எழுது"ன்னுட்டாங்க. எப்பவுமே நேரம் வேணும்னு பொதுவா புலம்புனா யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியாது. இந்த நாள், இந்த நேரம், இத்தனாம் தேதி வரைக்கும்னு கேட்டா வீட்லயும் சரி ஆபீஸ்லயும் சரி முக்கால்வாசி கிடைச்சிருது.

ஆபீஸ்ல அது ரொம்ப தேவைப்பட்டுது, ஏன்னா தேதிய பாருங்க, ஜூலை 11 வெள்ளிக்கிழமை ஜிஎஸ்டிஆர் 1 கடைசி நாள், 12 சனிக்கிழமை பரீட்சை. சார்கிட்ட ஜூன் மாசமே சொல்லிட்டேன், என் கிளையண்ட் எல்லாத்தையும் ஒன்பதாம் தேதிக்குள்ள ஃபைல் பண்ணிர்றேன், பத்து பதினொண்ணு யாராவது லேட்டா பில் அனுப்புனா பக்கத்து சீட் அக்கா பாத்துப்பாங்க, அதுக்கு பதிலா 3பி அப்ப அவங்களோடத நான் எடுத்துக்கறேன்னு. கிளையண்ட்டுங்களுக்கும் இந்த மாசம் எட்டாம் தேதிக்குள்ள பில் வேணும்னு மெசேஜ் போட்டேன். ஒருத்தர் ரெண்டு பேர் வழக்கம்போல பத்தாம் தேதி ராத்திரிதான் அனுப்புனாங்க, அவங்கள திருத்த முடியாது. மத்தவங்க அனுப்பிட்டாங்க. பரீட்சை இல்லாத மாசத்துலயும் இப்ப அதே எட்டாம் தேதிதான் சொல்லிட்டு இருக்கேன், அது தனி லாபம்.

பரீட்சை முடிஞ்சு வெளில வந்தா தமிழ் ரொம்ப கஷ்டம், புக்லயே இல்லாததெல்லாம் கேட்டுட்டாங்கன்னு கேட்டுக்கு வெளில ஒரே புலம்பல். எனக்கும் சில கேள்வி எங்க இருந்து வந்துதுன்னே தெரியல. ஆன்சர் கீ வந்தப்ப போட்டுப் பாத்தேன், தமிழ் 82, கணக்கு 21. பொது அறிவு பாதிக்கும் கீழ, எதிர்பாத்ததுதான். ரிசல்ட்ல சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷனுக்கு என் நம்பர் வரல. "அப்ப என்ன பிரயோஜனம்"னு ரெண்டு மூணு சொந்தக்காரங்க கேட்டாங்க. அவங்களுக்கு வேலை கிடைச்சுதா இல்லையா, அவ்ளோதான் கேள்வி. நான் வெச்ச ரெண்டு நம்பரும் வந்துருச்சு, அடுத்த தடவைக்கு அந்த 125 கேள்விக்கு புதுசா ஒண்ணும் உழைக்க வேணாம், தூசி தட்டுனா போதும்.

எங்க பக்கத்து சீட் அக்கா இப்ப இதே மாதிரி ஸ்கூட்டி கத்துக்கறாங்க. மாசக் கடைசி பத்து நாள் மட்டும், அதுவும் காலனிக்குள்ளயே, மெயின் ரோடு இந்த வருஷம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. எட்டு போட்டு லைசென்ஸ் வாங்குனா போதுமாம்.

என்னோட அடுத்த ரவுண்டுக்கு பீரோ மேல இருந்து ஒரே ஒரு புக்கத்தான் இறக்கியிருக்கேன், அரசியலமைப்பு. நடப்பு நிகழ்வு புக் எப்படியும் பழசாயிருச்சு, அதை எடைக்குப் போட்டாச்சு. வரலாற தொடலாமா வேணாமான்னு மார்ச் தாண்டட்டும், இயர் எண்ட் முடிஞ்சு ஏப்ரல்ல யோசிக்கிறேன். இப்பதைக்கு கூடுவாஞ்சேரி வரைக்கும் அடிப்படை உரிமைகள்.