நெடி இருக்கிறது, வாசம் இல்லை

மே 16, 2021

கொரோனா காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகிறது. ஆக்சிஜன் 97 காட்டுகிறது, இருமல் குறைந்துவிட்டது, மாடி அறையில் தனியாகக் கிடப்பதுதான் அலுப்பு. காலையில் அத்தை கதவுக்கு வெளியே ரசம் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாய் குடித்தால் வெந்நீரில் புளியும் உப்பும் கரைத்த மாதிரி இருக்கிறது. பாவம், வயசாகிறது, பெருங்காயம் போட மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சாம்பாரும் அப்படியே இருக்கவும்தான் சந்தேகம் வந்தது. தம்பியிடம் (என் பையனை அப்படித்தான் கூப்பிடுவேன்) கட்டிப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து வாசலில் வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்த டப்பாவை மற்ற சாமான்களோடு வைப்பதில்லை, பக்கத்தில் இருந்தால் காபித்தூள்கூடக் காயம் வீசும். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். ஒன்றுமே இல்லை. டப்பா காலியோ என்று குனிந்து பார்த்தேன், கட்டி இருக்கிறது.

மே 21, 2021

ஐந்து நாளாக இதே வேலை. சோப்பு, விபூதி, தேங்காய் எண்ணெய், போட்டு அவிழ்த்த சட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் முகர்ந்து பார்க்கிறேன். நாக்கு பழுதாகவில்லை, அதுதான் குழப்பமே. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிகிறது. சீரகத்துக்கும் சோம்புக்கும் மட்டும் வித்தியாசம் இல்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற வாசம்தானாம். கீழே அத்தை மிளகாய் வற்றல் வறுத்தார். எனக்கும் தும்மல் வந்தது, கண் எரிந்தது. வாசம் வந்துவிட்டது என்று கத்தியேவிட்டேன். வரவில்லை, அது நெடி. மிளகாயின் காரம், தைலத்தின் குளிர்ச்சி, வெங்காயத்தில் கண்ணீர் எல்லாம் முகத்துக்கு வருகிற வேறொரு நரம்பின் வேலை. தமிழில் முன்பே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்: மணம், வாடை, வீச்சம், கவிச்சி, நெடி. எனக்குக் கடைசி ஒன்று மட்டும் மிச்சம்.

ஜூன் 9, 2021

கீழே இறங்கி ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்குப் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. நான் பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்வாசலில் இருந்த அத்தைக்குத் தெரிந்து "கேஸ்! கேஸ்!" என்று ஓடிவந்தார். சிலிண்டர் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றம் பிடித்த பொருளைக் கலக்கிறார்கள். எனக்காகக் கலந்தது எனக்கே தெரியவில்லை. கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது. இனிமேல் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடியாக வேண்டும், நான் தனியாக இருந்தால் பால் காய்ச்சக் கூடாது. அத்தையின் சட்டம், நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஜூன் 23, 2021

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனில் பேசினோம். மாத்திரை ஒன்றும் பெரிதாக இல்லை, பயிற்சி செய்யுங்கள் என்றார். மூக்குக்கு என்ன பயிற்சி! ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மல் என்பவரும் அவர் குழுவும் 2009ல் வெளியிட்ட முறையாம்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நான்கையும் காலையும் இரவும் முகர வேண்டும், ஒவ்வொன்றும் பத்து வினாடி போல, 12 வாரம். முகரும்போது அந்த வாசம் எப்படி இருந்தது என்று மனசில் நினைத்துக்கொள்ளவும் சொன்னார். வாசனை நரம்புகள் அவ்வப்போது புதிதாக முளைக்கக்கூடியவை, இந்த வைரஸ் பெரும்பாலும் அவற்றைத் தாங்கி நிற்கிற செல்களைத்தான் கெடுக்கிறது, அதனால் நம்பிக்கை வையுங்கள் என்றார்.

நான்கு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். ஊட்டியில் வாங்கின தைலம் ஒன்றில், அத்தர் தோய்த்த பஞ்சு ஒன்றில், எலுமிச்சைத் தோல், தட்டின கிராம்பு. முதல் நாள் தைலம் மட்டும் தெரிந்தது என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். அப்புறம் யோசித்தால், அதுவும் நெடிதான்.

ஜூலை 12, 2021

பொடி வேலையை மறுபடி தொடங்கிவிட்டேன். மாட்டுத்தாவணிப் பக்கம் இரண்டு குடியிருப்பில் மாசம் 10 கிலோ போல சாம்பார் பொடி வாங்குகிறார்கள், இரண்டு மாசம் நிறுத்தியதே அதிகம். இத்தனை வருஷம் மூக்கை வைத்துத்தான் வறுத்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மல்லியை எத்தனை நிமிஷம் வறுப்பீர்கள் என்று யாராவது கேட்டால் "வாசம் வர்ற வரைக்கும்" என்பேன், வேறு கணக்கே தெரியாது.

இன்றைக்குக் கண்ணாலும் காதாலும் விரலாலும் வறுத்தேன். மல்லி சூடேறினால் சட்டியில் அதன் சத்தம் மாறுகிறது, கரண்டிக்கு லேசாகிறது, இரண்டு விரலில் நசுக்கினால் நொறுங்குகிறது. துவரம்பருப்பு நிறத்திலேயே சொல்லிவிடும். வெந்தயம்தான் வில்லன், சிவக்கிறதற்கும் கருகுகிறதற்கும் நடுவில் ஏழெட்டு வினாடிதான் இருக்கும். முதல் ஈட்டைக் கருக்கினேன், அடுப்பு பக்கமே நின்றிருந்தும் தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு வழி கிடைத்தது: கரண்டி நுனியில் நாலு வெந்தயம் எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பார்ப்பது. வெந்தயத்தின் சொந்தக் கசப்பு வேறு, கருகின கசப்பு வேறு, பின்னது நாக்கின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு போகாது. கசப்பு நாக்கின் இலாகா, மூக்கு வேண்டாம். கடைசியாக தம்பியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "அம்மா, பழைய மாதிரியே இருக்கு, காசு தர்றியா?" என்றான். பத்து ரூபாய் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, 2021

வாசம் திரும்பி வருகிறது. இப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போது ரப்பர் எரிகிற மாதிரி, அதில் சாக்கடையும் கலந்த மாதிரி ஒன்று வந்தது. தெருவில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினேன். காபிதான் அது. வெங்காயம் வதக்கினாலும் அதே வாடை, பூண்டு, வறுத்த கடலை, பற்பசை எல்லாம் அதே. நான்கைந்து தனித்தனி நாற்றம்கூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே நாற்றம். மருத்துவர் இதற்கு பரோஸ்மியா என்று பெயர் சொன்னார். புதிதாக முளைக்கிற நரம்புகளின் இணைப்பு இன்னும் சரியாகவில்லை என்று ஒரு விளக்கம் இருக்கிறதாம், நல்ல அறிகுறியாகவும் இருக்கலாமாம். நல்ல அறிகுறியோடு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாகத் தயிர்சோறும் வெள்ளரிக்காயும்தான். ஆறின பண்டம், வறுக்காத பண்டம் மட்டும் உள்ளே போகிறது.

நாற்றம் என்ற சொல்லுக்கு முன்காலத்தில் நறுமணம் என்றுதான் அர்த்தம் என்று பள்ளியில் படித்தேன். எனக்கு மாறின மாதிரியே அதுக்கும் மாறியிருக்கிறது.

செப்டம்பர் 10, 2021

பிள்ளையார் சதுர்த்தி. அண்ணி வந்திருந்தார். கொழுக்கட்டை பிடித்தபடி, "நல்லதாப் போச்சு போ, குப்பை வண்டி நாத்தம் தெரியாதுல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை கால் உடைந்தால் மாவுக்கட்டு தெரியும், இதில் என்ன காட்டுவது? 6 கிலோ இளைத்திருக்கிறேன், அதையும் "ஆளு அம்சமா ஆயிட்டே" என்கிறார்கள்.

ஆனால் பூரணத்தைக் கிளறும்போது ஒரு நொடி ஏலக்காய் வந்தது. ஏலக்காயேதான். மறுபடி குனிந்து தேடினேன், போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 5, 2021

12 வாரம் முடிந்து ஒன்றரை மாசம் ஆகிவிட்டது, நிறுத்த மனசில்லை. எலுமிச்சை முக்கால்வாசி, கிராம்பு பாதி, ரோஜா வெறும் இனிப்பாக ஏதோ. தீபாவளி லேகியம் கிண்டினேன், சுக்கும் மிளகும் ஏறின பிறகு இவரிடம் கொடுத்துத்தான் சரிபார்த்தேன். வெடிப்புகை மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது. பரவாயில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜனவரி 19, 2022

பொங்கல் அலைச்சலில் எதுவும் எழுதவில்லை. இன்று மல்லி வறுக்கும்போது நசுக்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே கை தானாக அடுப்பைக் குறைத்தது. ஏன் குறைத்தோம் என்று அப்புறம்தான் யோசித்தேன். வாசம் வந்திருக்கிறது. மெல்லிசாக, பக்கத்து வீட்டில் வறுக்கிற மாதிரி தூரத்தில், ஆனால் மல்லி. தம்பியைக் கூப்பிட்டு, "நீ சொல்லாதே, நான் சொல்றேன்" என்றேன். அவன் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினான். பத்து ரூபாய்க்குக் கை நீட்டினான்.

காபி இன்னும் ஆகவில்லை, சூடு ஆறினால் அரை டம்ளர் போகிறது. பெருங்காய டப்பாவையும் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெந்தயத்தைக் கடித்துப் பார்த்துத்தான் இறக்கினேன். நாளைக்கு 4 கிலோ தர வேண்டும், மிளகாய் இன்னும் ஒரு வெயில் காய வேண்டியிருக்கிறது.